ஆராய்ச்சி மணியும் தடை ஆணையும்

ஆராய்ச்சி மணியின் கதையைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை இல்லை. திருவாரூரில் அரசாண்ட சோழன் தன் அரண்மனை வாயிலில் மணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். கன்றை இழந்த பசு அதன் கயிற்றை இழுத்தது. கன்றைக் கொன்ற தேர்க்காலிலேயே தன் மகனையும் இட்டான் மன்னன். இக்கதையைச் சொல்லும்போது தண்டனையின் கடுமையையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆழ்ந்து எண்ணினால் கதையின் உயிர் அந்தக் கயிற்றில் இருப்பது விளங்கும். வாயில்லாத உயிரும் எட்டிப் பிடிக்கத்தக்க உயரத்தில் அக்கயிறு தொங்கியது. நடு இரவானாலும் நண்பகலானாலும் அதை இழுத்தவர்க்கு, 'உன் குறை யாது?' என்று கேட்க ஒருவர் எழுந்து வந்தார். செங்கோல் என்பது இதுவே.

இதற்கு மறுதலையாக மதுரையில் நிகழ்ந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லைக் கேட்டான் பாண்டியன். கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்கவுமில்லை. ஆணை பிறந்தது, உயிர் பிரிந்தது. அதன் பின்னரே கண்ணகி வாயிலில் வந்து நின்றாள். முறையீடு கேட்கப்பட்டது, சான்று ஆராயப்பட்டது, மாணிக்கப் பரல் வழக்கைத் தீர்த்தது. எல்லாம் முறையாகவே நடந்தன. ஆனால் கோவலன் மீளவில்லை. ஆராய்ந்த பின் ஆணையிட வேண்டியவன் ஆணையிட்ட பின் ஆராய்ந்தான். அதனாலேயே தன் பிழையை உணர்ந்த அக்கணத்தில் பாண்டியன் உயிர் துறந்தான் என்கிறது காப்பியம்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒரு வினாவை ஆராய விழைகிறேன். நூலையும் இதழையும் தடை செய்யும் உரிமை அரசுக்கு உண்டா, இல்லையா என்னும் வழக்கு மிகப் பழையது. இரு பக்கமும் அறிஞர் பலர் பேசிவிட்டனர். நான் எடுத்துக்கொள்வது அதனினும் சிறிய வினா. ஒரு நூலைத் தடை செய்யும் அரசு, அந்நூலை எழுதியவனுக்கும் படிப்பவனுக்கும் எதைக் கடன்பட்டிருக்கிறது? அக்கடனைக் கேட்டுப் பெறுவது யாருடைய பொறுப்பு? கோப்புகளுக்கிடையே நாளைக் கழிக்கும் ஓர் அரசு எழுத்தன் என்னும் முறையில் இவ்வினா என்னை நெடுநாளாகத் தொடர்ந்து வருகிறது.

சட்டத்தில் தொங்கும் கயிறு

முதலில் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம். வெள்ளையர் ஆட்சியில், 1922-ஆம் ஆண்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சில பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி ஒரு மாநில அரசு ஒரு நூலையோ இதழையோ அரசுடைமையாகப் பறிமுதல் செய்யலாம். விடுதலைக்குப் பின்னும் அப்பிரிவுகள் நீங்கவில்லை. 1973-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் அவை 95, 96 என்னும் எண்களைப் பெற்றன. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நாகரிகச் சுரட்சா சட்டத்தில் 98, 99 என எண் மாறியிருக்கிறது. ஆட்சி மாறிற்று, சட்டத்தின் பெயரும் மாறிற்று, எண்ணும் மாறிற்று. பொருள் பெரிதும் மாறவில்லை.

வகுப்புக்களிடையே பகை மூட்டுதல், சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துதல், நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு ஊறு விளைத்தல், ஆபாசம் முதலிய சில குற்றங்களுக்குரிய செய்தி ஒரு நூலில் இருப்பதாக அரசுக்குத் தோன்றினால், அது தன் கருத்துக்கான காரணங்களைக் குறிப்பிட்டு ஆணை பிறப்பிக்கலாம். ஆணை அரசிதழில் வெளியானதும், அந்நூலின் படி இந்தியாவில் எங்குக் காணப்பட்டாலும் காவலர் அதைக் கைப்பற்றலாம். இந்த 'எங்கும்' என்னும் சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். இலக்னோவில் அச்சான ஓர் அரசிதழின் கை, அத்திபெலேயில் நம் வீட்டு அலமாரி வரை நீளும்.

அதே சட்டம் ஒரு கயிற்றையும் தொங்கவிட்டிருக்கிறது. அந்நூலில் ஏதேனும் நலன் உடைய எவரும், அரசிதழில் ஆணை வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். அம்முறையீட்டை மூன்று நீதிபதிகள் கொண்ட தனி அமர்வு கேட்க வேண்டும். நூலில் அத்தகைய குற்றச் செய்தி இருப்பதாக மனநிறைவு கொள்ளாவிடின் ஆணையை அவர்கள் நீக்கிவிட வேண்டும். ஒரு சிறு நூலுக்காக மூன்று நீதிபதிகள் அமர வேண்டும் என்று சட்டம் சொல்வதிலிருந்தே, நூலைப் பறிப்பது சிறு செயலன்று என்பதை அச்சட்டத்தை எழுதியவர்களும் உணர்ந்திருந்தனர் என்பது புலனாகிறது.

ஆனால் கயிறு எட்டும் உயரத்தில் இருக்கிறதா? அரசிதழ் எப்படி வரும் என்பதை அலுவலகத்தில் இருப்போர் அறிவர். கட்டுக் கட்டாக வரும், பதிவேட்டில் ஏறும், அலமாரிக்குப் போகும். அதை நாள்தோறும் படிக்கும் வாசகன் யார்? இரண்டு மாதம் என்பது எழுதியவனுக்கே செய்தி எட்டி, வழக்கறிஞரைத் தேடிப் பொருளும் திரட்டுவதற்குள் கரைந்துவிடும் காலம். ஆகவேதான் முறையீட்டு உரிமை ஏட்டில் இருப்பதோடு நாம் மனநிறைவு அடைந்துவிடலாகாது.

மாண்ட கவிஞனுக்காக

தமிழர் மறக்கலாகாத தடை ஒன்று உண்டு. பாரதியார் 1921-இல் மறைந்தார். ஏழாண்டு கழிந்து, 1928-இல், அவருடைய நாட்டுப் பாடல் தொகுதிகளை முதலில் பர்மா அரசும், அதைப் பின்பற்றிச் சென்னை அரசும் பறிமுதல் செய்தன. சென்னையில் காவலர் நூற்படிகளை அள்ளிச் சென்றனர். எழுதியவர் உயிரோடு இல்லை. உயிரோடு இருந்த நாளிலேயே அவர் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ நேர்ந்தது. இறந்த பின் அவர் சொல்லுக்கு அடைக்கலம் தருவோர் யார்?

தீரர் சத்தியமூர்த்தி அந்த அக்டோபரில் சென்னைச் சட்டமன்றத்தில் எழுந்தார். பறிமுதலைக் கண்டித்து வாதாடினார். அப்பாடல்களை மன்றத்திலேயே பாடியும் காட்டினார். எந்தச் சொல்லைக் காவலர் பூட்டி வைத்தனரோ அந்தச் சொல் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. மன்றத்தின் பெரும்பான்மையும் அவர் பக்கம் நின்றது. இருபத்தோராண்டு சென்றது. 1949-இல் அதே சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையைப் பெற்று அவற்றை மக்களுக்கு உரியனவாக்க முன்வந்தது.

ஒரே அரசின் பதிவேட்டில் இரு குறிப்புகள்: ஒன்று பறிமுதல், மற்றொன்று பொதுவுடைமை. இதில் நாம் கற்க வேண்டிய பாடம், வெள்ளையர் கொடியர், நம்மவர் நல்லவர் என்பது அன்று. ஓர் அரசு தன் காலத்தின் அச்சத்தைக் கொண்டே நூலை அளக்கிறது. அச்சம் கடந்து போகிறது, நூல் நிற்கிறது. நிற்க வேண்டுமானால், இடைப்பட்ட காலத்தில் அதற்காக எழுந்து பேச ஒருவர் வேண்டும். சத்தியமூர்த்தி அப்பாடல்களை எழுதியவரல்லர், பதிப்பித்தவருமல்லர். அவற்றைப் படித்தவர், நேசித்தவர். அந்த உறவே அவருக்குப் போதுமானதாயிற்று.

ஒசூரில் நின்ற இதழ்

நம் ஊரின் எல்லையைக் கொண்டே அடுத்த வழக்கை விளக்கலாம். 1950-இல் அத்திபெலே மைசூர் இராச்சியத்தின் ஓர் ஓரம். ஒசூர் சென்னை இராச்சியத்துச் சேலம் மாவட்டத்தின் ஓர் ஓரம். அந்த ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று, பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார இதழ் சென்னை இராச்சியத்தில் நுழைவதையும் பரவுவதையும் அவ்வரசு தடை செய்தது. பொது ஒழுங்கைக் காப்பதற்கான 1949-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதற்குக் கருவியாயிற்று. எல்லையின் இப்புறம் குற்றமாகாத தாள், சில கல் தொலைவு கடந்தால் குற்றமாயிற்று. எழுத்து மாறவில்லை, படிப்பவன் மாறவில்லை, மண் மட்டும் மாறியது.

அவ்விதழின் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து சில திங்களே ஆகியிருந்தன. முதலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கன்றோ போயிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு தடை சொல்லிற்று. அதை மன்றம் ஏற்கவில்லை. அடிப்படை உரிமை பறிபோகும்போது உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவதே அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்றது. 1950 மே 26-ஆம் நாள், சென்னையில் வழக்கறிஞராக விளங்கி உயர்ந்த பதஞ்சலி சாஸ்திரியார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். கருத்துரிமைக்குள் கருத்தைப் பரப்பும் உரிமையும் அடங்கும். பரவ விடாத எழுத்து எழுதப்படாத எழுத்துக்கு ஒப்பாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தடை நீங்கியது. நீதிபதி பஸல் அலி மட்டும் மாறுபட்டார்.

ஆனால் அடுத்த ஆண்டே, 1951-இல், அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. கருத்துரிமைக்கு வரம்பிடத்தக்க காரணங்களுள் 'பொது ஒழுங்கு' என்பதும் சேர்க்கப்பட்டது. அதனோடு, வரம்பு எதுவாயினும் அது நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்னும் சொல்லும் சேர்ந்தது. வென்றவர் யார், தோற்றவர் யார் என்று எளிதில் சொல்ல இயலாது. ஒன்று மட்டும் உறுதி. ஒரு தனி மனிதர் கயிற்றை இழுத்ததால், அரசு தன் அதிகாரத்தின் எல்லையை நாடறியப் பேசி எழுத வேண்டியதாயிற்று.

காரணம் என்னும் கடன்

இனி என் கருத்துக்கு நடுநாயகமான வழக்கைச் சொல்கிறேன். பெரியார் ஈ.வெ.ரா. இராமாயணத்தைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னர் 'சச்சி ராமாயண்' என்னும் பெயரில் இந்தியிலும் வெளியாயிற்று. இந்திப் பதிப்பை உத்தரப் பிரதேசத்தில் வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். 1969 டிசம்பரில் அம்மாநில அரசு இரு மொழிப் பதிப்புகளையும் பறிமுதல் செய்தது. இன்ன இன்ன பக்கங்கள், இன்ன இன்ன வரிகள் என்று ஒரு பட்டியலை ஆணையோடு இணைத்தது. அவை சமய உணர்வைப் புண்படுத்துவன என்றது.

லலாய் சிங் அலகாபாத் உயர் நீதிமன்றம் சென்றார். 1971 சனவரியில் அம்மன்றம் ஆணையை நீக்கியது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. 1976 செப்டம்பர் 16-ஆம் நாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, அரசின் முறையீட்டைத் தள்ளிற்று. அந்த நாளை நினைவிற் கொள்க. நாட்டில் நெருக்கடி நிலை நிலவிய காலம். இதழ்கள் தணிக்கையாளர் ஒப்புதலின்றி வெளிவர இயலாத காலம். முரசொலி போன்ற ஏடு, சிறைப்பட்டோர் பெயரை நேராக வெளியிட வழியின்றி, அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதோர் பட்டியல் என்று தலைப்பிட்டுச் சொல்ல நேர்ந்த காலம். அக்காலத்தில், பெரியாரும் மறைந்துவிட்ட பின், அவர் நூல் மீது ஓர் அரசு இட்ட ஆணை செல்லாதாயிற்று.

அது எதனால் செல்லாதாயிற்று? நூலின் கருத்து சரியானது என்று மன்றம் சொல்லவில்லை. தவறானது என்றும் சொல்லவில்லை. ஆணையில் பக்க எண் இருந்தது, வரி எண் இருந்தது, காரணம் இல்லை. எதற்காக அவ்வரிகள் குற்றமாகும், யாருடைய உணர்வை எவ்வாறு தாக்கும் என்று அரசு தன் கருத்தின் அடிப்படையைச் சொல்லவில்லை. படித்தால் தாமே விளங்கும் என்பது அரசின் வாதம். சட்டம் காரணத்தைச் சொல் என்கிறது. ஊகித்துக்கொள் என்று சொல்லவில்லை என்பது மன்றத்தின் விடை. இதற்கு முன்பே, 1961-இல் ஹர்நாம் தாஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இவ்வாறே கூறியிருந்தது.

இதை வெறும் நுணுக்கம் என்று சிலர் நகைப்பர். நூல் நல்லதா, தீயதா என்று சொல்லாமல் தாளில் ஒரு பத்தி குறைந்தது என்று விடுவித்தார்களே என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அலுவலகத்தில் ஒரு கடைநிலை ஊழியரின் விடுப்பை மறுப்பதாயினும் காரணம் எழுத வேண்டும். காரணம் கூறும் ஆணையைப் 'பேசும் ஆணை' என்பது சட்ட வழக்கு. எத்தனை பொருத்தமான சொல்! பேசும் ஆணைக்கு எதிர்ப்பேச்சு உண்டு. 'நீ சொன்ன காரணம் இது. அது பொருந்தாமைக்கு என் காரணம் இது' என்று எதிரே நிற்பவன் வாய் திறக்கலாம். ஊமை ஆணையோடு யாரால் வாதிட முடியும்? ஒருவன் பேச்சைப் பறிக்கும் அதிகாரம் தானும் பேச மறுக்குமானால், அங்கே அறம் என்பதற்கே இடமில்லாமற் போகிறது. அடிப்பவனும் அடிபடுபவனும் மட்டுமே எஞ்சுவர்.

காரணம் எழுதுவதில் இன்னுமொரு நன்மை உண்டு. அது எழுதுபவனையே திருத்துகிறது. மனத்தில் உறுதியாகத் தோன்றும் முடிவைத் தாளில் எழுதத் தொடங்கினால், பாதியில் பேனா நின்றுவிடுவது நாள்தோறும் காணும் காட்சி. எழுத வராத காரணம் பெரும்பாலும் இல்லாத காரணமே. பாண்டியன் தன் ஆணைக்கு மூன்று வரி காரணம் எழுத வேண்டியிருந்திருந்தால், சிலம்பின் பரல் யாது என்று கேட்டிருப்பான்.

அச்சத்தின் நியாயம்

மறுபக்கத்தை மறைத்துப் பேசுவது முறையன்று. கருநாடகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அச்சத்தின் நியாயம் தெரியும். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரில் நடந்தவற்றை நம் மூத்தோர் மறந்திலர். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததை நம் பிள்ளைகளே கண்டனர். இந்த எல்லைச் சாலையில் வண்டிகள் நின்ற நாட்களில், பொய்யான ஒரு செய்தி, வெறியூட்டும் ஒரு துண்டறிக்கை என்ன செய்யும் என்று தாய்மார் அஞ்சினர். அந்நிலையில் இருப்பவரிடம் போய், எழுத்துக்கு எந்தத் தளையும் கூடாது என்று சொல்லுவது எளிதன்று. நெருப்பை மூட்டும் தாளை அந்த நேரத்தில் நிறுத்து என்று கேட்கும் உரிமை, அந்நெருப்பின் அருகே வாழ்பவனுக்கு உண்டு.

இதனை நீதிமன்றங்களும் மறுக்கவில்லை. 1957-இல் பஞ்சாபில் மொழிக் கிளர்ச்சி நடந்தபோது சில நாளேடுகளின் மீது தடை வந்தது. வீரேந்திரர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் இரு பிரிவுகளை ஆராய்ந்தது. ஒரு பிரிவில் தடைக்குக் கால எல்லை இருந்தது. பாதிக்கப்பட்டோர் அரசிடம் முறையிட வழியும் இருந்தது. அதை மன்றம் ஏற்றது. மற்றொரு பிரிவில் கால எல்லையும் இல்லை, முறையீடும் இல்லை. அதைச் செல்லாது என்றது. தடையின் நியாயத்தை அளக்க இதைவிட நேர்மையான தராசு கிடைப்பது அரிது. அவசரத்தில் கதவைச் சாத்தலாம். ஆனால் சாவியை ஆற்றில் எறியலாகாது.

முறையிட்டோர் எல்லாரும் வெல்வதுமில்லை. நம் கருநாடகத்திலேயே அதற்குச் சான்று உண்டு. பசவண்ணரின் வாழ்வை ஒட்டி பி.வி. நாராயணா எழுதிய 'தர்மகாரண' என்னும் கன்னடப் புதினத்தை மாநில அரசு 1997-இல் பறிமுதல் செய்தது. எழுத்தாளர் பரகூரு ராமச்சந்திரப்பா முதலியோர் முறையிட்டனர். உயர் நீதிமன்றத்தில் வெற்றி இல்லை. 2007-இல் உச்ச நீதிமன்றமும் தடையை நிலைநிறுத்தியது. பசவண்ணரின் தமக்கையைப் பற்றிய பகுதி பக்தர் மனத்தைப் புண்படுத்தும் என்பதை மன்றம் ஏற்றது.

இத்தீர்ப்போடு உடன்படுவோரும் உளர், முரண்படுவோரும் உளர். நான் சுட்ட விரும்புவது வேறொன்று. தோற்ற அவ்வழக்கிலும் அரசு தன் காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. குறிப்பிட்ட பகுதிகள் மன்றத்தில் வாசிக்கப்பட்டன. இரு தரப்பும் தம் நியாயத்தைப் பதிவு செய்தன. நாளை வரும் தலைமுறை அப்பதிவைப் படித்துத் தன் முடிவைத் தானே செய்துகொள்ளும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தடை கேட்போர் பலர் நூலைப் படித்திருக்க மாட்டார். தடையை எதிர்த்து முழங்குவோரிலும் பலர் படித்திருக்க மாட்டார். முறையீடு வந்துவிட்டாலோ, நாட்டில் மூன்று பேராவது அந்நூலைப் படித்தே தீர வேண்டும். சினத்திற்கும் முடிவிற்கும் இடையே ஒரு வாசிப்பு நுழைகிறது. முறையீட்டின் முதல் பயன் இதுவே என்பேன்.

ஆணையில்லாத் தடை

காரணமில்லாத ஆணையினும் கொடியது ஒன்று உண்டு. அது ஆணையே இல்லாத தடை.

சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வேதங்கள்' என்னும் ஆங்கிலப் புதினத்தை இந்தியாவுக்குள் கொண்டுவரக்கூடாது என்று 1988 அக்டோபரில் சுங்கச் சட்டத்தின் கீழ் தடை விதிக்கப்பட்டதாக நாடே அறிந்திருந்தது. வாசகர் ஒருவர் 2019-இல் அதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றம் சென்றார். ஆணையின் படியைக் காட்டுக என்றது மன்றம். துறை துறையாகத் தேடினர், படி கிடைக்கவில்லை. 2024 நவம்பர் 5-ஆம் நாள், அப்படியோர் அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே அதன் செல்லுந்தன்மையை ஆராய ஏதுமில்லை என்று மன்றம் முடித்தது. அந்நூலைப் பற்றிய கருத்து எதுவாயினும் ஆகுக. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நாட்டின் கடைகளைக் கட்டிப் போட்ட தாளை, கட்டிப் போட்டவர்களாலேயே காட்ட இயலவில்லை! கோப்பு தொலைவது அலுவலகங்களில் புதிதன்று. ஆனால் அதைத் தேட வைப்பதற்கே ஒருவர் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ண வேண்டும்.

தமிழகத்தில் நடந்தது இன்னும் நெருங்கியது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' புதினத்தை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. அந்நூலை அரசு தடை செய்யவில்லை. அரசிதழில் ஒரு வரியும் வரவில்லை. 2015 சனவரியில் நாமக்கல்லில் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சு என்று அழைத்தனர். ஆசிரியர் வருத்தம் தெரிவித்து நூலைத் திரும்பப் பெற ஒப்பிக் கையொப்பமிட்டார். பின் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என அறிவித்தார். ஆணை இல்லாததால் இரண்டு மாதக் கெடுவும் இல்லை, மூன்று நீதிபதி அமர்வும் இல்லை. கோவலனுக்காவது ஓர் ஆணை இருந்தது.

அங்கும் பிறர் வந்து கயிற்றைப் பிடித்தனர். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் முதலியோர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். அவ்வொப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 சூலை 5-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. அவர் மீண்டும் எழுதலானார். எழுதியவன் தளர்ந்து வீழ்ந்த நேரத்தில் வாசகன் எழுந்து நின்றான் என்பதே இவ்வழக்கின் பெருமை.

கயிற்றைப் பிடிப்பவர் யார்?

தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு இங்கு விடை கிடைக்கிறது. முறையிடும் பொறுப்பு எழுதியவனோடு முடிவதில்லை. சிவாஜி மன்னரைப் பற்றி ஜேம்ஸ் லெயின் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய நூலை 2004-இல் மராட்டிய மாநில அரசு பறிமுதல் செய்தபோது, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முறையிட்டவர்கள் ஒரு வழக்கறிஞர், ஓர் ஆவணப்பட இயக்குநர், ஒரு சமூகப் பணியாளர். நூலில் அவர்களுக்குப் பொருள் நலன் இல்லை. படிக்கும் நலன் இருந்தது. எந்த வகுப்புக்கும் எந்த வகுப்புக்கும் இடையே பகை விளையும் என்று ஆணை சொல்லவில்லை என்பதை மன்றம் எடுத்துக்காட்டித் தடையை நீக்கியது. 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நூலில் வாசகனுக்கும் நலன் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

பசு தன் கன்றுக்காக மணியை அடித்தது. கண்ணகி தன் கணவனுக்காக வாயிலில் நின்றாள். பிறர் எழுதிய ஒரு சொல்லுக்காக, தமக்கு உடன்பாடில்லாத ஒரு சொல்லுக்காகவும்கூட, மணியடிப்பது அவற்றினும் அரிய செயல். நமக்குப் பிடித்த நூலைக் காக்க நாம் அனைவரும் வருவோம். நமக்குப் பிடிக்காத நூலைப் பறிக்கும்போதும், 'காரணம் என்ன? காலம் எவ்வளவு? கேட்பவர் யார்?' என்று மூன்று வினாக்களை எழுப்புகிறோமா என்பதே நம் நேர்மைக்குச் சோதனை. இன்று பிறர் நூலுக்குக் காரணம் கேளாமல் விட்டோமானால், நாளை நம் நூலுக்குக் காரணம் கேட்கும் நாக்கு நமக்கு இராது. பிற மொழி பேசும் மண்ணில் சிறுபான்மையாக வாழும் நமக்கு இது ஏட்டுத் தத்துவம் அன்று, வாழ்க்கைக் காப்பு. எண்ணிக்கையால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனுக்கு முறையே துணை.

நம் பிள்ளைகளுக்கு இங்கே தமிழ் கற்றுக்கொடுக்க நாம் படும் பாட்டை யாவரும் அறிவோம். எழுத்துக் கற்பித்தலோடு, எழுத்தின் உரிமையையும் கற்பிக்க வேண்டும். ஒரு நூலை வெறுத்தால் அதற்கு மறுப்பு நூல் எழுதலாம். ஊறு விளையும் என்று அஞ்சினால் சட்டத்தின் வழியே அரசை அணுகலாம். அரசு தடுத்தால் காரணம் கேட்கலாம். காரணம் பொருந்தாவிடின் முறையிடலாம். முறையீட்டில் தோற்றால் தீர்ப்பைப் படித்து மீண்டும் வாதிடலாம். இவ்வரிசையில் எங்கும் தீக்குச்சிக்கு இடமில்லை. ஊமை ஆணைக்கும் இடமில்லை.

மனுநீதிச் சோழனைப் போன்ற மன்னர் இன்று இல்லை, வேண்டியதுமில்லை. மணி மட்டும் சட்டத்தின் ஒரு மூலையில் இன்னமும் தொங்குகிறது. அதன் கயிற்றில் தூசு படியாமல் பார்த்துக்கொள்வது, படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.